குளவி கட்டிய சுவர்

போன வாரம் கந்தம்மாள் வண்டியை விட்டு இறங்கினதும் இறங்காததுமாக அம்மா வீட்டு முன்கூடமான ஆசாரத்துச் சுவரைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். அதோடு நிறுத்திக்கொண்டோம். இப்போதுதான் வந்து உட்காருகிறவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கொல்லிமலை அடிவாரத்தில், சேந்தமங்கலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, தோட்டத்துக்கு நடுவிலேயே கட்டின வீடு. வீட்டுக்காரி முத்தாயம்மாள். மூத்த மகள் கந்தம்மாள், ராசிபுரத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். மகன் குழந்தைவேல், தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவன். அவன் பெண்டாட்டி பெரியநாயகி. அவளோடு ஒரே முகூர்த்தத்தில் கல்யாணமானவர்களின் பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கூடம் போகின்றன. இவளுக்கு இன்னும் ஒன்றும் தங்கவில்லை. தம்பிக்கு இரண்டாந்தாரம் கட்டிவைத்தே தீருவது என்று கந்தம்மாள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். புருஷன் வழிச் சொந்தத்தில் ஒரு பெண்ணையும் பார்த்து வைத்துவிட்டாள்.

அது இன்னும் நடக்காமல் இருப்பதற்குக் காரணம் குளவி.

சிரிக்காதீர்கள். வீட்டுக்குள் குளவி மண்கூடு கட்டினால் அந்த வீட்டில் யாரோ முழுகாமல் இருக்கப் போகிறார்கள் என்று நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்த வீட்டிலோ குளவிக்கு ஓய்வே கிடையாது. நிலைப்படிக்கு மேலே, உத்தரத்து மூலையில், சாமி படம் மாட்டின ஆணியில் என்று கட்டிக்கொண்டே இருக்கிறது. "குளவி கட்டற ஊட்டுல இன்னொருத்தியக் கொண்டாந்து எறக்க நான் ஒப்ப மாட்டேன்" என்று முத்தாயம்மாள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். கூட்டைத் தொடக் கூடாதென்று போன பொங்கலுக்கு அந்தச் சுவருக்கு வெள்ளைகூட அடிக்கவில்லை.

சரி, பெரியநாயகிக்கு அது நல்லதுதானே என்பீர்கள். நீங்கள் அந்த வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். மோர் வாங்க வருகிறவள் சுவரைப் பார்ப்பாள், உடனே பெரியநாயகியின் வயிற்றைப் பார்ப்பாள். சல்லடை கேட்டு வருகிறவளும் அப்படியே. புதுக்கூடு ஒன்று முளைத்தால் முத்தாயம்மாள் மண்ணின் நிறத்தைப் பார்த்து, "செம்மண்ணு, பையன்தான்" என்பாள். மாசம் திரும்பும்போது மருமகள் தலைக்கு ஊற்றிக்கொண்டு கொல்லையில் குளிக்கிற பொடக்காணியில் தனியாக நிற்பாள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அப்படிச் சும்மா இருப்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மார்கழிப் பனி விலகுகிற நேரம். பெரியநாயகி கம்மங்கூழை எடுத்துக்கொண்டு அவரைத் தோட்டத்துக்குப் போனாள். குழந்தைவேல் குனிந்து குனிந்து கொடியிலிருந்து பச்சைப் புழுவைப் பொறுக்கிச் சட்டித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தான். சீமெண்ணெய் கொஞ்சம் விட்டால் புழு உடனே செத்துவிடும். யுத்த காலத்தில் விளக்குக்கே சீமெண்ணெய் இல்லை, புழுவுக்கு எங்கே போவது?

"கூழு கொண்டாந்திருக்கறேனுங்க."

"வெய்யி அங்க."

"நங்கையா சுண்ணாம்பு நீத்தறாங்க." நாத்தனார் கந்தம்மாளைத்தான் நங்கையா என்றாள்.

"ம்."

"பொங்க நோம்பிக்குள்ள சொவுத்தச் சொரண்டி வெள்ளை அடிச்சுப் போடோணுமாமா. நோம்பி கழிஞ்ச வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணூட்டுக்காரவிய வராங்களாமா."

"ம்."

இந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு எழுதி அனுப்பாதீர்கள். எனக்கும் தெரியாது. அவன் கூடக் குடித்தனம் பண்ணுகிறவளுக்கே தெரியாது.

அவன் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "பக்கத்துல மருதாசலத்துத் தோட்டத்தப் பாத்தியா? அவரைல தண்டு மட்டுந்தான் நிக்குது. நம்முளுதுல ஏனோ அவ்வளவு இல்ல. ஆனாலும் உடப்படாது. புகையிலைத் தண்டு ஊறப் போட்டிருக்கறேன். நாளைக்கு வெடியால அந்தத் தண்ணியத் தெளிச்சரோணும். பொங்கச் சந்தைக்கு இந்த அவரைய நம்பித்தான் இருக்கறோம்."

அவரையைப் பற்றி என்றால் இவ்வளவு பேசுவான். அவள் காலிச் சொம்பை எடுத்துக்கொண்டு திரும்பினாள். வாய்க்கால் ஓரத்தில் கொத்தமல்லி முற்றி வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. பிடுங்கி எறி என்று அவன் சொல்லி எத்தனையோ நாளாயிற்று. அலுப்பில் விட்டுவிட்டாள். இன்றைக்கும் விட்டாள்.

வீட்டில் பானைச் சுண்ணாம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதைவிடக் கந்தம்மாள் கொதித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனாத்தா, இன்னும் எத்தனை கூடு கட்டோணும்? கட்டுன குளவியெல்லாம் குஞ்சு பொரிச்சுப் பறந்தும் போயிருச்சு. இவ வவுத்துல ஒரு புழு பூச்சி தங்குச்சா?"

"மெதுவாப் பேசு. அவ வாரா."

"வரட்டுமே. என்ற தம்பிக்கு ஒரு வாரிசு வேணும்னு கேக்கறதுக்கு நான் எதுக்குப் பயப்படோணும்?"

"உத்தரத்து மூலைல பாரு, இந்த மாசந்தான் புதுசா ஒண்ணு கட்டியிருக்குது. கூடு கட்டற ஊட்டுல கொத்து எடுத்துச் சொரண்டுனா வம்சத்துக்கு ஆகாது. வெள்ளிக்கிழமையுமாச்சு, ஒண்ணுமாச்சு."

"எதைக் கேட்டாலும் குளவி! உனக்குப் பெத்த மவளவிட அந்தக் குளவி பெருசாப் போச்சு!"

இருவர் நடுவில் பெரியநாயகி சொம்போடு நின்றாள். அவளை வைத்துத்தான் பேச்சு. ஆனால் அவளிடம் யாரும் பேசவில்லை. சுவரில் ஏறிக்கொண்டே போகிற அந்த மண்ணுருண்டைகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாசம் நம்பிக்கொண்டிருந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை அழுதது, எல்லாம் சேர்ந்து அவளை அமுக்கியது. கோபமெல்லாம் இல்லை. சலித்துப் போயிற்று, அவ்வளவுதான்.

மூலையில் கிடந்த களைக்கொத்தை எடுத்தாள். உரலின் மேல் ஏறினாள்.

"அடியே! என்ன பண்றே?" என்று முத்தாயம்மாள் கத்தி முடிப்பதற்குள் உத்தரத்து மூலைக் கூடு கீழே விழுந்து உடைந்தது.

"அய்யோ சாமீ! உன்ற கையாலயேவா?" முத்தாயம்மாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். கந்தம்மாள் இரண்டடி பின்னுக்கு நகர்ந்தாள். கூட்டைச் சுரண்டத்தான் வந்தாள், ஆனால் பிள்ளையில்லாதவளே தன் கையால் உடைப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பெரியநாயகி இறங்கி வந்து தரையைப் பார்த்தாள். உடைந்த மண்ணுக்குள் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு அறையிலும் பச்சைப் புழு திணித்து வைத்திருந்தது. காலையில் புருஷன் சட்டியில் பொறுக்கிப் போட்டானே, அதே அவரைப் புழு. விரலால் தொட்டாள். சாகவில்லை, லேசாக நெளிந்தது. ஆனால் நகர முடியவில்லை. ஓர் அறையில் மட்டும் வெள்ளையாய்க் கொழுத்த ஒரு குளவிக் குஞ்சு, சுற்றிலும் புழுவின் காய்ந்த தோல்.

அவள் அதை அப்படியே ஒரு பூவரச இலையில் ஏந்திக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினாள். பின்னால் மாமியார் ஏதோ சொன்னது காதில் விழவில்லை.

நேராகப் புருஷனிடம் போகவில்லை. அவரைக் கொடியின் ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள். இத்தனை வருஷம் குளவியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள், இன்றைக்குத்தான் அது என்ன பண்ணுகிறதென்று பார்த்தாள். ஒல்லி இடுப்புக் குளவி ஒன்று கொடியில் இறங்கியது. இலை இலையாகத் தட்டிக்கொண்டே நடந்தது. பூங்கொத்துக்குள் தலையை விட்டு ஒரு புழுவை வெளியே இழுத்தது. கொட்டியது. புழு துவண்டதும் கட்டிப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் பறந்தது. இன்னொன்று வாய்க்கால் ஈரத்தில் மண்ணை உருட்டியது. பிடுங்காமல் விட்ட கொத்தமல்லிப் பூவில் கூட்டமாக உட்கார்ந்து தேன் குடித்துக்கொண்டிருந்தன. தேனுக்குப் பூ, கட்டுவதற்கு ஈர மண், ஒதுங்குவதற்கு யாரும் சுரண்டாத சுவர், குஞ்சுக்குக் கொடுக்கப் புழு. எல்லாம் இங்கேயே கிடைத்தது. அதனால் வந்தன. அவள் வயிற்றுக்காக ஒன்றும் வரவில்லை.

தனக்கு அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. தலையிலிருந்து சுமையை யாரோ கைகொடுத்து இறக்கினது போல இருந்தது.

"ஏனுங்க! இங்க வாங்க, சித்த வாங்க!"

குழந்தைவேல் வந்து இலையைப் பார்த்தான். அவள் காட்டின இடத்தில் குந்தி உட்கார்ந்து குளவியைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"மருதாசலத்தூட்டுல போன நோம்பிக்கே சொவுத்தச் சொரண்டிச் சுத்தமா வெள்ளை அடிச்சுப் போட்டாங்க. வரப்புல ஒரு பூச்செடி வெக்கல" என்றாள் அவள். "அங்க குளவிக்கு எடமில்ல. அதான் புழு அத்தனையும் தின்னு தீத்திருச்சு."

"அட ஆமா!"

"நாளைக்கு அந்தப் புகையிலைத் தண்ணி தெளிச்சீங்கன்னா புழுவும் சாவும், இதும் சாவும். அடுத்த புழு வந்தா அப்பப் புடிக்க ஆளு இருக்காது."

அவன் எழுந்து போய் ஊறப் போட்ட பானையைக் கவிழ்த்துவிட்டே வந்தான். "இத்தனை நாளு கண்ணு முன்னால நடந்திருக்குது, நான் பாக்கவேயில்லையே புள்ள! மல்லியப் புடுங்கச் சொன்னேன், நல்லவேளை நீ புடுங்கல" என்று சிரித்தான். அவன் தன்னைப் பார்த்துச் சிரித்து எத்தனை காலமாயிற்று! பெரியநாயகிக்குச் சந்தோஷமாக இருந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்துவிட்டாள்.

இரண்டு பேரும் சேர்ந்துதான் வீட்டுக்கு வந்தார்கள். கந்தம்மாள் வெள்ளையடிக்கிற மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கூடு உடைந்தாகிவிட்டது, இனி மிச்சத்தையும் தட்ட வேண்டியதுதானே என்று துணிந்துவிட்டாள்.

"அக்கா! மட்டையக் கீழ போடு!"

குழந்தைவேல் அக்காளிடம் குரல் உயர்த்தி இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. கந்தம்மாள் கையிலிருந்து மட்டை தானாக நழுவியது.

"ஒரு கூட்டுல கை வெக்கப்படாது, சொல்லிப்போட்டேன். நம்மு அவரையக் காப்பாத்தறதே இந்தக் குளவிதான். உள்ளாற பூராவும் நம்மு தோட்டத்துப் புழு. நீ வெள்ளை அடிக்கறேன்னு இதைத் தட்டுனா பொங்கலுக்குள்ள தோட்டம் மொட்டையாயிரும்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த முத்தாயம்மாள் பெரியநாயகியைப் பார்த்து 'வேண்டாம்' என்று கண்ணைக் காட்டினாள். பெரியநாயகிக்குப் புரியவில்லை. கண்டதைச் சொல்லிவிட வேண்டும் என்ற வேகம். "ஆமாங்க நங்கையா. அதுக புழுவப் புடிக்கத்தான் இங்க வருது. நாம அது தெரியாம என்னென்னமோ நெனச்சுக்கிட்டிருந்தோமுங்க."

கந்தம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மெல்லச் சிரிப்பு வந்தது.

"அப்படிச் சொல்லு அம்மிணி. புள்ளைக்குன்னு வந்த குளவி இல்ல, புழுவுக்குன்னு வந்த குளவி. ஏனாத்தா, கேட்டியா? உன்ற மருமவ வாயாலயே சொல்லிப்போட்டா. இதச் சொல்லித்தானே இத்தனை நாளும் என்ற வாய அடச்சே? இனி என்ன சொல்வே?"

முத்தாயம்மாள் தரையில் கிடந்த கூட்டு மண்ணைக் கையால் ஒதுக்கத் தொடங்கினாள்.

"கூடு இருந்தா இருந்துட்டுப் போகட்டும், எனக்கென்ன? வெள்ளையும் அடிக்க வேண்டாம். வரவிய வாசல்ல பந்தலுக்குக் கீழ உக்காந்துக்குவாங்க. தம்பி, வெள்ளிக்கிழமை வரச் சொல்லிரட்டுமா?"

மூன்று பெண்களும் அவனையே பார்த்தார்கள். பெரியநாயகி ஓரடி முன்னால் வந்தாள். இப்போதுதானே அந்தச் சத்தம் போட்டான்! தொண்டை இன்னும் சூடாகத்தானே இருக்கும்! வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அதே குரலில் ஒரே ஒரு வார்த்தை.

குழந்தைவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "மடை திருப்போணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

என்ன மனுஷன் ஐயா இவன்!

கந்தம்மாள் வண்டி பூட்டச் சொல்லி ஆள் அனுப்பினாள். இன்றைக்கே போய்ப் பெண் வீட்டில் பேசி முடித்துவிட்டுத்தான் மறுவேலை என்றாள்.

பொடக்காணியில் பெரியநாயகி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். துலக்கின பாத்திரத்தையே மறுக்காவும் துலக்கினாள். முத்தாயம்மாள் வந்து கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

"நான் கண்ணக் காட்டுனேனே சாமி, பாக்கலயா நீ?"

"பாத்தேனுங்கத்தை. எதுக்குன்னு தெரியல."

"கூட்டுக்குள்ளார புழு இருக்கும்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? நானும் தோட்டத்துல பொறந்து தோட்டத்துல வாக்கப்பட்டவதான்."

பெரியநாயகியின் கை நின்றது. "பின்ன ஏனுங்கத்தை… செம்மண்ணு, பையன்னு…"

"வேற என்னத்தச் சொல்றது? பெத்த மவகிட்டப் போயி, 'எனக்கு என்ற மருமவளே போதும், அவ மனசு நோகும்படி ஒண்ணும் பண்ணாதே'ன்னு சொன்னாக் கேப்பாளா? நீ எனக்கு வசிய மருந்து வெச்சுட்டதா உன்னையச் சொல்லுவா. குளவின்னு சொன்னேன், பயந்துக்கிட்டுக் கம்முனு இருந்தா. புதுசு புதுசாக் கட்டக் கட்ட நாளத் தள்ளிப் போட்டேன். அதுக்குள்ள உனக்கு ஒண்ணு தங்கிராதான்னு பாத்தேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமுங்களே. ஒவ்வொரு கூட்டுக்கும் நான் எப்படிச் செத்துப் பொழச்சேன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும். சொன்னா நீ மனசுல வெச்சுக்க மாட்டே. உனக்குப் பொய் வராது. இன்னைக்குப் பாத்தேனே."

கிழவிக்கு மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது. மருமகள் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

பிறகு அவள் வாய்க்காலுக்குப் போனாள். குழந்தைவேல் மம்பட்டியால் மடையை வெட்டிக்கொண்டிருந்தான். குளவி மண் எடுக்க வசதியாகக் கரையில் ஓரிடத்தில் தண்ணீரைத் தேங்க விட்டிருந்தான். பார்த்துப் பார்த்துச் செய்திருந்தான்.

"குளவிக்குன்னதும் அக்காகிட்ட அந்தச் சத்தம் போட்டீங்க."

"பின்ன? அவரை போயிருமே."

"எனக்குன்னு ஏனுங்க ஒரு வார்த்தை வரல?"

அவன் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். பாவமாகத்தான் பார்த்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். "வாரேங்கறவியள வராதீங்கன்னு எப்படிப் புள்ள சொல்றது? அக்கா மனசு சங்கடப்படும். வந்து பாத்துட்டுப் போகட்டும். அப்பறம் பாத்துக்கலாம்."

"அப்பறம்னா எப்பங்க?"

அவன் மறுபடியும் மடையைப் பார்த்துக் குனிந்துவிட்டான். அவள் விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள்.

வாசலில் வண்டி பூட்டி நின்றது. கந்தம்மாள் ஏறி உட்கார்ந்து புடவையை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பெரியநாயகி பெட்டியிலிருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"சித்த நகந்துக்குங்க நங்கையா. நானும் வாரேன்."

"நீயா? எங்க?"

"அந்தப் பொண்ணப் பாக்கோணுமுங்க. நாளைக்கு என்கூட ஒரே ஊட்டுல, ஒரே அடுப்புல நிக்கப் போறவ. நான் பாக்க வேண்டாமுங்களா?"

"நீ எதுக்கு அங்க… அவிய என்ன நெனப்பாங்க?"

"மூத்தவ வந்து கூப்பிட்டா மரியாதைன்னு நெனப்பாங்க."

கந்தம்மாள் வண்டிக்காரனைப் பார்த்தாள். வண்டிக்காரன் காதில் விழ இதற்கு என்ன பதில் சொல்வது? நகர்ந்து இடம் விட்டாள். முத்தாயம்மாள் உள்ளே போய் ஒரு கூடை பிஞ்சு அவரையை எடுத்து வந்து மருமகள் மடியில் வைத்தாள். "மொதமொதல்லப் போறே, வெறுங்கையோட போகாதே" என்றாள். அங்கே போய் அந்தப் பெண்ணிடம் என்ன சொல்லப் போகிறாய் என்று அவளும் கேட்கவில்லை.

வண்டி தென்னைகளைத் தாண்டி ராசிபுரத்துப் பாதையில் திரும்பினது. பொழுதோடு குழந்தைவேல் கால் கழுவிக்கொண்டு ஆசாரத்துக்குள் வந்தான். சுவரைப் பார்த்தான். மிச்சக் கூடுகளெல்லாம் பத்திரமாக இருந்தன. அவனுக்குத் திருப்தியாக இருந்தது.

"ஆத்தா, பெரியநாயகி எங்க? பசிக்குது, சோறு போடச் சொல்லு."

முத்தாயம்மாள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உனக்குப் பொண்ணு பாக்கப் போயிருக்கறா" என்றாள்.